நிரம்பி நின்ற பேட்டரி

“அம்மா, ஒரு கார் மனுஷங்களுக்கு மூச்சு குடுக்குமா?”

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை இல்வா இப்படிக் கேட்டாள். யோருன் அப்போது மகளின் மதிய உணவுக்காக ரொட்டித் துண்டுகளில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து, காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. “முன்னாடியெல்லாம் புகையாவது குடுத்துச்சு. இப்ப வர்ற கார் அதையும் குடுக்கறதில்ல. ஷூவைப் போடு” என்று சொல்லிவிட்டாள். குழந்தை ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. கேள்வி மட்டும் கதவோரமாகப் பதிலில்லாமல் நின்றுவிட்டது.

பிப்ரவரியின் இந்தத் திங்கட்கிழமைக் காலையில் அது திரும்பி வந்து யோருனின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

அவள் நின்றிருந்தது விதாரின் கேரேஜில். விதார் அவளைப் பிரிந்து வாழும் கணவன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இல்வா அவனிடம் இருப்பாள். ஞாயிறு மாலை கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். நேற்று விடவில்லை. கேரேஜில் கார் இல்லை. வீட்டில் விதார் இல்லை, இல்வா இல்லை. இரண்டு பேரின் போனும் இரவு முழுவதும் செத்துக் கிடந்தன.

போலீசார் தன்மையாகத்தான் பேசினார்கள். புயலில் பாதி மாவட்டம் இருட்டில் கிடக்கிறது, ஸ்வீடன் எல்லைக்குச் செல்லும் சாலைகளுக்குத் தகவல் கொடுத்தாயிற்று, பொறுத்திருங்கள் என்றார்கள். பெற்றவளால் பொறுத்திருக்க முடியுமா? விடிந்ததும் ரக்னா ஹவ்கனை அழைத்தாள்.

ரக்னாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்களைத் தேடிக் கண்டுபிடித்து, அலுத்துப்போய், இப்போது மனிதர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். கூடவே எஸ்கில். முன்பு டாக்சி ஓட்டியவன். டாக்சியை விட்டுவிட்டான். ஆனால் மீட்டர் போட்டதுபோல ஓடிக்கொண்டே இருக்கும் வாயை விடவில்லை.

“காரோட ஆப் இன்னும் உங்க போன்ல இருக்குன்னீங்களே, காட்டும்மா” என்றார் ரக்னா.

யோருன் நீட்டினாள்.  கடைசியாகத் தெரிந்த நிலை: ஞாயிறு காலை, இதே கேரேஜ், சார்ஜ் நூறு சதவீதம். அதற்குப் பிறகு காரோடு தொடர்பு அறுந்துவிட்டது.

“பாருங்க, நூறு. விதார் எண்பதைத் தாண்டவே மாட்டான். வண்டியை மட்டுமா? என் போன், இல்வாவோட டேப்லெட், பல் தேய்க்கிற பிரஷ் வரைக்கும் எண்பது வந்தா பிடுங்கிடுவான். எங்க கல்யாண நாள் விருந்துல ஆட்டுக்கறியை வாயில வெச்சுக்கிட்டே எழுந்து ஓடினான். என்னன்னு பார்த்தா, வண்டி எண்பதுக்கு வந்துடுச்சாம்.”

“பேட்டரியை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச மனுஷன், கோபத்தை எங்க நிறுத்தணும்னு கத்துக்கலையே” என்றான் எஸ்கில்.

“எஸ்கில்.”

“சரி மேடம். என் வாய்க்கு சார்ஜ் இறங்கிடுச்சு.”

ரக்னா யோருன் பக்கம் திரும்பினார். “நூறு வரைக்கும் ஏத்தினதே இல்லையா?”

“ஈஸ்டருக்கு மலைவீட்டுக்குப் போறப்ப ஏத்துவான். நூறுன்னா தூரம் போறான்னு அர்த்தம். அவன் தம்பி கோத்தன்பர்க்ல இருக்கான். போன் பண்ணினேன், இங்க வரலைன்னு சொல்றான். எப்படி நம்பறது?” யோருன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “போன மாசம் சமரசப் பேச்சு முடிஞ்சு வெளிய வந்ததும் கத்தினான். இல்வாவைக் கண்காணாத தூரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், அப்பத்தான் உனக்குப் புரியும்னு. நான் அதை வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். இனிமே அவளை அவன்கூடத் தனியா விடக்கூடாதுன்னு கேக்கப் போறேன். தெரிஞ்சுதான் கிளம்பிட்டான்.”

ரக்னா தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி யோருனின் குளிர்ந்த கைகளில் மாட்டிவிட்டார். பிறகு கேரேஜைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்.

விதாரின் ஒழுங்கு சுவரிலேயே தெரிந்தது. மரப்பலகை ஒன்றில் ஒவ்வொரு கருவிக்கும் வெள்ளைப் பெயின்டால் அதன் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தக் கருவியை மாட்டியிருந்தான். சுத்தியல், ரம்பம், பனி வாரும் மண்வெட்டி எல்லாம் இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பெரிய வட்டம் வெறுமையாகக் கிடந்தது.

“சைக்கிள் சக்கரமா?” என்றான் எஸ்கில்.

“இல்ல, எக்ஸ்டென்ஷன் ஒயர் உருளை. ரொம்ப நீளம். தோட்டத்துல வேலை செய்யறப்ப எடுப்பான்.”

வட்டத்துக்கு அடுத்த கொக்கியில், கார் சார்ஜ் ஏற்றும் கேபிள் அழகாகச் சுருட்டித் தொங்கியது. ரக்னா அதைத் தொட்டுப் பார்த்தார்.

“எஸ்கில், நீ ஸ்வீடனுக்கு ஓடிப்போறே. எதை எடுத்துட்டுப் போவே?”

“என்னை யாரும் தேட மாட்டாங்க மேடம், நான் எதுக்கு ஓடணும்? சரி, ஓடறேன்னு வெச்சுக்குங்க. கார் கேபிளை எடுத்துக்குவேன். தங்கற இடத்துல வண்டிக்குத் தீனி போடணுமே.”

“இவர் அதை விட்டுட்டு, தோட்டத்து ஒயரை எடுத்துட்டுப் போயிருக்கார்.”

“மறந்திருப்பார்.”

“ஒவ்வொரு சுத்தியலுக்கும் படம் வரைஞ்ச மனுஷனா?” ரக்னா மறுபடி போனைக் கேட்டு வாங்கினார். “யோருன், எனக்கு இந்த விஷயம் தெரியாது. என் வண்டி கிழட்டு டீசல். எதுக்கு எண்பது? குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

இந்த நேரத்தில் பேட்டரிப் பாடமா என்று யோருனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் விதார் ஆயிரம் தடவை சொன்னது நாக்கு நுனியிலேயே இருந்தது. “முழுசா நிரம்பினா அதுக்கு உள்ளுக்குள்ள இறுக்கமாம். வயிறு முட்டத் தின்னுட்டு நின்னுக்கிட்டே தூங்கற மாதிரின்னு சொல்வான். சட்டுன்னு கிளம்பி ஓட்டிட்டா பரவாயில்ல. நிரம்பினபடியே நின்னாத்தான் வயசாகும். அதனால ஈஸ்டருக்குக் கூட, நாங்க பூட்ஸ் மாட்டற நேரத்துக்கு நூறு வர்ற மாதிரி செட் பண்ணுவான். ஒரு தடவை நான் பையைத் தேடி லேட் பண்ணிட்டேன். மலைவீடு போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான்.”

“அப்ப இதைப் பாருங்க.” ரக்னா திரையிலிருந்த கோட்டைக் காட்டினார். கோடு வெள்ளிக்கிழமை மாலையே மேலேறி நூறைத் தொட்டிருந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு காலை வரை, மேசை விளிம்பு போல நேராக ஓடியது. “நிரம்பி நின்னிருக்கு. நீங்க பை தேடினதுக்கே மூஞ்சியைத் தூக்கினவர் இதை எப்படிப் பொறுத்துக்கிட்டார்?”

யோருன் திரையை நெருங்கிப் பார்த்தாள். 

“பயணம் போறவனுக்குக் கிளம்பற நேரம் தெரியும்” என்றார் ரக்னா. “இவருக்குத் தெரியலை. ஏதோ வரப்போகுதுன்னு தெரியும், எப்பன்னு தெரியாது. அதுக்காகத் தன் செல்லப் பேட்டரியை நிக்க வெச்சுக் காத்திருந்திருக்கார். வெள்ளிக்கிழமை என்ன அறிவிச்சாங்க?”

எஸ்கில் மெல்ல விசிலடித்தான். “புயல். ஆரஞ்சு எச்சரிக்கை.”

“புயல் வந்தா என்ன போகும்?”

“என் வீட்டுக் கூரை. அப்புறம் கரண்டு.”

“கரண்டு. கார்ல இருந்து கரண்டு எடுக்கலாம் இல்லையா?”

“இந்த மாடல்ல எடுக்கலாம். சார்ஜ் போடற துளையில ஒரு சின்ன அடாப்டரை மாட்டி, அதுல ஒயரைச் சொருகணும். கேம்ப் போறவங்க காப்பி போடுவாங்க.”

“கரண்டு வாங்கற கேபிளை விட்டுட்டு, கரண்டு குடுக்கற ஒயரை எடுத்துட்டுப் போன மனுஷன் ஸ்வீடனுக்குப் போகலை. யாருக்கோ குடுக்கப் போயிருக்கார்.”

  கதவோரம் நின்றுவிட்ட கேள்வியை யோருன் அப்போதுதான் வெளியே சொன்னாள். “இல்வா ஒரு நாள் கேட்டா. கார் மனுஷங்களுக்கு மூச்சு குடுக்குமான்னு. ராத்திரி பூரா அதை நினைச்சுத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். பூட்டின காருக்குள்ள ரெண்டு பேரும்...”

“அப்படி நினைக்காதீங்க.” ரக்னா அவள் தோளைப் பிடித்தார். “உங்க பொண்ணு ஒரு ஆக்சிஜன் மெஷினைப் பார்த்திருக்கா. கரண்டு நின்னா அதுவும் நின்னுடும். அப்ப என்ன செய்யறதுன்னு யாரோ பேசினதைக் கேட்டிருக்கா. எஸ்கில், கரண்டு போன இடங்களோட மேப்பை எடு.”

எஸ்கில் தன் போனில் எடுத்தான். கடற்கரையோரம் பெரும்பாலும் சரியாகிவிட்டது. மேலே ஒரு பள்ளத்தாக்கு மட்டும் ஞாயிறு காலையிலிருந்து கறுப்பாகக் கிடந்தது. “ஸ்கோக்தால். டவரும் போச்சு.”

“அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?”

“யாரும் இல்ல” என்றாள் யோருன்.

“முப்பது வருஷம் பொய்யைக் கேட்டே சம்பளம் வாங்கினவ நான்” என்றார் ரக்னா, கோபமே இல்லாமல்.

யோருன் கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்கப்பா.”

*

யோருனின் காரிலேயே கிளம்பினார்கள். அவள் இரவெல்லாம் தூங்காததால் எஸ்கில் ஓட்டினான். மலைகளுக்கு நடுவே புகுந்த ஃபியோர்டுக் கடல்நீர் ஈயம்போலக் கிடந்தது. சாலையோரம் விழுந்த மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

“எங்கம்மாவுக்குப் புத்துநோய்” என்றாள் யோருன், யாரும் கேட்காமலே. “இல்வா என் வயித்துல இருந்தா. ஆஸ்பத்திரியில என்னைப் படுக்க வெச்சிருந்தாங்க. அம்மாவோட கடைசி நாள் வரைக்கும் அப்பா என்கிட்ட மூச்சு விடலை. உன் நல்லதுக்குத்தான் மறைச்சேன்னார். அடக்கத்தன்னிக்கு, இனிமே உங்க முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். முழிக்கல.”

“அவருக்கு மூச்சுல ஏதாவது கோளாறு உண்டா?”

“ஒண்ணும் கிடையாது. ஆடுகளுக்குப் பின்னாடி மலை உச்சி வரைக்கும் ஓடுவார். நீங்க தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களோன்னு பயமா இருக்கு எனக்கு.”

ரக்னா கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன.

“மேடம் மேலிடத்துல பேசறாங்க” என்றான் எஸ்கில் தணிந்த குரலில். “அங்க மட்டும் டவர் எப்பவும் இருக்கும்.”

பள்ளத்தாக்குக்கு ஏறும் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் யோருனின் போன் ஒலித்தது. போலீஸ். எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

“யோருன், பதறாதீங்க. அதே மாடல், அதே நீல நிறம். எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சார்ஜிங் நிலையத்துல நிக்குது. நம்பர் பிளேட்டைப் பனி மூடியிருக்கு. பக்கத்துக் கடையில ஒரு அப்பாவும் சின்னப் பொண்ணும் வாஃபிள் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்களாம். ஆள் அனுப்பியிருக்கோம், போய்ச் சேர நேரமாகும்.”

“திருப்புங்க!” என்று யோருன் அலறினாள். “வண்டியைத் திருப்புங்க! சொன்னேன்ல!”

எஸ்கில் பிரேக் போட்டான். வண்டி பனியில் சற்று வழுக்கி, இரண்டு சாலைகளுக்கும் நடுவில் நின்றது.

ரக்னா போனை நோக்கிக் குனிந்தார். “அந்த வண்டியைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னது?”

“சார்ஜருக்குக் காத்துக்கிட்டிருக்கிற ஒரு அம்மா. அவங்க செம கோபத்துல இருக்காங்க. தொண்ணூத்தாறு வந்தும் அந்த ஆள் கழட்டலையாம். பின்னாடி மூணு வண்டி நிக்குதாம். அவனைத் திட்டறதுக்காகப் போன் பண்ணினாங்க. பேச்சுவாக்குல நிறத்தைச் சொன்னாங்க, அதை வெச்சுத்தான் பிடிச்சோம்.”

போன் வைக்கப்பட்டது. எஸ்கில் பின்னால் திரும்பி யோருனைப் பார்த்தான். முதல் முறையாக அவன் முகத்தில் கேலி இல்லை.

“வேக சார்ஜர்ல எண்பது வரைக்கும் சர்ருன்னு ஏறும். மிச்ச இருபது ஏற, அதே அளவு நேரம் இழுக்கும். அதனால பின்னாடி ஆள் நின்னா எண்பதுல கழட்டிட்டு வழிவிடறதுதான் மரியாதை. டாக்சிக்காரன் நான், ஒழுங்கா கழட்டறவங்களையும் பார்த்திருக்கேன், கழட்டாத பன்னிங்களையும் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் எந்த ரகம்?”

“பிள்ளையைத் தூக்கிட்டு ஓடறவனுக்கு மரியாதை ஒரு கேடா?”

“ஓடறவன் இன்னும் சீக்கிரமா கழட்டுவான் அம்மணி. உக்காந்து வாஃபிளா திம்பான்?”

“என்னால தோணினதைத்தான் சொல்ல முடியும்” என்றார் ரக்னா. “பெத்தவங்க நீங்க. எந்தப் பக்கம்னு நீங்கதான் சொல்லணும். எந்தப் பக்கம் சொன்னாலும் கூட வர்றோம்.”

இடப்பக்கம் எல்லைக்குப் போகும் அகலச் சாலை. வலப்பக்கம் இருட்டுக்குள் ஏறும் குறுகல் சாலை. தவறான பக்கம் போனால் இல்வாவை இன்னும் ஒரு நாள், ஒருவேளை ஒரு வருடம், இழக்க நேரிடலாம்.

யோருனுக்கு எதிர்பாராமல் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வந்தது. மலைக் கணவாயில் பனிப்புயல். பின் சீட்டில் குழந்தை இல்வா வீறிட்டு அழுகிறாள். சார்ஜ் எண்பதைத் தொட்டதும் விதார் இறங்கிக் கழற்றுகிறான். இன்னும் கொஞ்சம் ஏற்றேன் என்று அவள் கத்துகிறாள். ‘பின்னாடி ஒரு கிழவர் நாயோட நிக்கறார் யோரு. நாய் நடுங்குது’ என்கிறான் விதார். அன்று அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. இன்று, அந்த நடுங்கிய நாயைத் தவிர, நம்பிப் பிடித்துக்கொள்ள அவளிடம் வேறெதுவும் இல்லை.

“மேல போங்க” என்றாள்.

*

ஸ்கோக்தாலில் ஜன்னல்களில் மெழுகுவத்திகள் எரிந்தன. பாதி வழியில் பனிச்சரிவு சாலையை அடைத்திருந்தது. ஆரஞ்சு நிற டிராக்டர் ஒன்று அப்போதுதான் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி வெட்டி முடித்திருந்தது. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கினார்.

“மேல் பண்ணைக்கா? நேத்துல இருந்து யாரும் இறங்கவும் இல்ல, ஏறவும் இல்ல. தோர்ஸ்டைன் எப்படி இருக்காரோ.”

“அப்பாவுக்கு என்ன?” என்று யோருன் கேட்டாள்.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டார். “நீயே போய்ப் பாரும்மா.”

பண்ணை வீட்டின் சுவரை ஒட்டி நீலக் கார் நின்றது. அதிலிருந்து ஒரு ஒயர் பனியின்மேல் நெளிந்து போய், கொஞ்சமாகத் திறந்திருந்த ஜன்னலுக்குள் நுழைந்தது. இடுக்கில் பழைய கம்பளி ஸ்வெட்டரைத் திணித்திருந்தார்கள்.

யோருன் ஓடினாள். தட்டுவதற்குள் கதவு திறந்தது. தடித்த கம்பளிச் சாக்ஸில் இல்வா நின்றாள்.

“அம்மா! சத்தம் போடாதே. தாத்தா இப்பத்தான் தூங்கறார்.”

மகளை அள்ளி நெஞ்சோடு அழுத்தியபடியே யோருன் உள்ளே பார்த்தாள். விறகு அடுப்பு அணைந்து கிடந்தது. அறை நடுவில் சிறிய மின் கணப்பு சிவந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி, சீராக மூச்சு விடுவதுபோல ஓசையிட்டது. அதிலிருந்து போன மெல்லிய குழாய் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவரின் மூக்கில் முடிந்தது. மலை உச்சி வரை ஓடிய மனிதர். இப்போது தன் ஸ்வெட்டருக்குள் பாதி ஆளாகத்தான் இருந்தார்.

விதார் தரையிலிருந்து எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான், யாரோ துப்பாக்கி நீட்டியதுபோல.

“யோரு, கத்தறதுக்கு முன்னாடி கேளு. நேத்து காலையில கரண்டு போச்சு. வந்தேன். சாயங்காலம் உன்கிட்ட விடலாம்னுதான் இல்வாவையும் கூட்டிட்டு வந்தேன். பின்னாடியே சரிவு. டவரும் போச்சு. அவசரத்துக்கு வெச்சிருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் நேத்தே தீர்ந்துடுச்சு. இவரை விட்டுட்டு நடந்து இறங்க முடியல.”

“எத்தனை நாளா?” என்றாள் யோருன். “இது எத்தனை நாளா நடக்குது?”

“அவரோட நுரையீரலா? ரெண்டு வருஷமா. வைக்கோல் தூசியாம், பூஞ்சைத் தூசி. மெஷின் வந்தது இலையுதிர் காலத்துல. மருந்துக் கடையில எதேச்சையாப் பார்த்தேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். வந்தா அவளா வரணும், பரிதாபப்பட்டு வரக்கூடாதுன்னு.”

“அதே மனுஷர். அதே வேலை” என்றாள் யோருன். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “நீயும் அதையே செஞ்சே. என் பொண்ணை வேற பொத்திப் பொத்தி வைக்கப் பழக்கிட்டே.”

“ஆமா” என்றான் விதார். “அது தப்புதான்.”

நாற்காலியில் சலனம். தோர்ஸ்டைன் கண்ணைத் திறந்திருந்தார். பேசுவதற்கு முன் அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“யோருன்.”

“பேசாதீங்க” என்றாள் அவள். “மூச்சை வீணாக்காதீங்க.” அருகில் போனாள். மூக்கிலிருந்து நழுவியிருந்த குழாயைச் சரிசெய்தாள். அதற்கு மேல் அந்த நேரத்தில் அவளால் முடியவில்லை. அவர் அவளுடைய கையுறையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே மறுபடி கண் மூடினார்.

ரக்னா கதவருகிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். “எஸ்கில், டிராக்டர் நம்ம பின்னாடியே வந்திருக்கு, அதுலயே கீழ போவோம். டவர் இருக்கிற இடத்துல இருந்து ஆம்புலன்ஸையும் ஆக்சிஜனையும் வரச் சொல்லணும். போலீசுக்கும் சொல்லணும்.”

“வாஃபிள் சாப்பிட்ட அப்பாவிக்கு இந்நேரம் விலங்கு மாட்டியிருப்பாங்க. எண்பதுல கழட்டியிருந்தா இந்தக் கதி வருமா?” என்றபடியே எஸ்கில் தன் கோட்டைக் கழற்றி இல்வாவின் தோளில் போட்டான். “வெச்சுக்க பாப்பா. டிராக்டர் எஞ்சின் சூடா இருக்கும். பொய்தான், ஆனா நம்பு.”

அவர்கள் போனபின் விதார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “அடுப்பு மூட்ட முடியல யோரு. ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆகாது. கணப்புதான் எல்லா சார்ஜையும் குடிக்குது. ரெண்டு நாள் நூறுல நிக்க வெச்சேன், இப்ப அடி வரைக்கும் காலி பண்ணிட்டேன். ரெண்டு பக்கமும் கெடுத்துட்டேன் அந்த பேட்டரியை.” சிரிக்க முயன்றான். “இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்னு நினைக்கறேன். என்னை எழுப்பிவிடு, வேற ஏதாவது யோசிக்க...”

வாக்கியம் முடிவதற்குள் பூட்ஸோடேயே தூங்கிப்போனான். இல்வா எஸ்கிலின் கோட்டுக்குள் புகுந்து அப்பாவின் மடியில் தலை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கினாள்.

யோருன் வெளியே வந்தாள். பிற்பகல் வெளிச்சம் மலைக்குப் பின்னால் சாய ஆரம்பித்திருந்தது. நீலக் காரின் கதவைத் திறந்து பார்த்தாள். மூன்று சதவீதம். இருபதுக்குக் கீழே இறங்கவிடாத மனிதன்.

கேரேஜில் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தது. வக்கீலிடம் சொன்னதும். அவள் வராத இந்த வீட்டுக்கு, அவள் பெயரைச் சொல்லாமல், அவளுடைய இடத்தில் இவன் வந்து போயிருக்கிறான். இதற்கு என்ன சொல்லி ஈடு செய்வது? எதைச் சொன்னாலும் சண்டையில்தான் போய் முடியும். அவர்களுக்கு வேறு மாதிரிப் பேசி வெகு நாளாகிவிட்டது.

தன் காரை மெல்லப் பின்னால் நகர்த்தி, நீலக் காரின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். பிரியும்போது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டவை. அவளுடையதில் பாதிக்குமேல் சார்ஜ் இருந்தது. மெஷினுக்குள் இருக்கும் சிறிய பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்று முன்பக்கத்தில் எரிந்த விளக்கிலிருந்து தெரிந்தது. ஆனாலும் அடாப்டரை ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் சொருகும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலில் காது வைத்தாள். பெட்டி தன் சீரான ஓசையைத் தொடர்ந்தது. கணப்பு மறுபடி சிவந்தது.

உள்ளே போய் உட்காராமல் தன் காரிலேயே, ஹீட்டர் போடாமல், உட்கார்ந்திருந்தாள். திரையில் எண் ஒவ்வொன்றாக இறங்கியது. அப்பாவின் மூச்சு அது. அவள் கண் எடுக்கவில்லை. குளிரில் கால்விரல்கள் மரத்தபோது, விதார் நேற்றிரவு எங்கே உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

நன்றாக மங்கியபின், கீழே சாலை வளைவில் டிராக்டரின் மஞ்சள் விளக்கும், அதன் பின்னால் ஆம்புலன்ஸின் நீல விளக்கும் தெரிந்தன. யோருன் இறங்கினாள். அடாப்டரைப் பிடுங்கி நீலக் காரில் பழையபடி சொருகினாள். தன் காரை முன்பு நிறுத்திய இடத்துக்கே கொண்டுபோனாள்.

அவள் தோளைத் தட்டியதும் விதார் திடுக்கிட்டு எழுந்தான். ஜன்னலில் நீல விளக்கு சுழல்வதைப் பார்த்தான். ஓடிப்போய் காரின் திரையைப் பார்த்துவிட்டு வந்தான்.

“மூணு! இன்னும் மூணுலயே இருக்கு! யோரு, எவ்வளவு நேரம் தூங்கினேன் நான்? எப்படித் தாங்குச்சு இது?”

“நீ நல்லா பார்த்துக்கிட்ட வண்டியாச்சே” என்றாள் யோருன்.

அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவருக்குக் காலணி மாட்டத் தொடங்கினாள். வெளியே புதிய பனி விழுந்து, இரண்டு கார்களுக்கும் நடுவிலிருந்த டயர் தடங்களை மூடிக்கொண்டிருந்தது.